தமிழ்த் தலைப்பெழுத்துகள்: தடிப்பு, ஒடுக்கம், சாய்வு

தலைப்பெழுத்துகள் என்பவை செய்தித்தாள் தலைப்பு, சுவரொட்டி, கடைப்பலகை, பேருந்துப் பலகை, நூல் அட்டை போன்றவற்றில் தொலைவிலிருந்து படிப்பதற்காக அமைக்கப்படும் பெரிய எழுத்துகள். இவற்றில் தடித்த, ஒடுங்கிய, சாய்ந்த, கோடுகள் ஒரே தடிமனாக உள்ள வடிவம் மிகுதியாகப் பயன்படுகிறது. அச்சகத்தார் இதை போல்டு, கண்டென்ஸ்டு, இட்டாலிக் என்ற சொற்களால் குறிப்பர். இவ்வடிவம் ஐரோப்பிய அச்சுக்கலையில் உருவானது. தமிழில் அது செய்தித்தாள்கள், சுவரொட்டிகள், பலகை எழுதும் ஓவியர்கள் வழியாக நிலைபெற்றது. தென் திருவிதாங்கூரின் முதல் அச்சகம் அமைந்த நாகர்கோவிலும் அதைச் சூழ்ந்த நாஞ்சில் நாடும் இந்த வரலாற்றின் பல கட்டங்களோடு தொடர்புடையவை.

பெயர்களும் தமிழுக்கு அவற்றின் பொருத்தமும்

ரோமன் எழுத்துகளின் கோட்டு நுனிகளில் காணப்படும் சிறு முனைப்புகளுக்கு செரிஃப் என்று பெயர். அவை இல்லாத எழுத்து சான்ஸ் செரிஃப். தமிழ் எழுத்துக்கு இத்தகைய முனைப்புகள் இயல்பாகவே கிடையாது. ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது கோடு எங்கும் ஏறக்குறைய ஒரே தடிமனாகவே விழும். ஆகவே தமிழில் இந்த வகைப்பாடு முனைப்பு உண்டா இல்லையா என்பதைக் குறிப்பதில்லை. கோட்டின் தடிமன் மாறாமல் செல்கிறதா, மெலிந்தும் தடித்தும் மாறிச் செல்கிறதா என்பதையே குறிக்கிறது. தடிமன் மாறாத எழுத்து தமிழருக்குப் புதியதல்ல. அதை மிகவும் தடிக்கச் செய்வதும், பக்கவாட்டில் நெருக்குவதும், சாய்ப்பதுமே புதியவை.

சாய்வெழுத்துக்கும் தமிழில் தனி இலக்கணப் பயன் இல்லை. ஆங்கில நூல்களில் நூற்பெயர், அயற்சொல், அழுத்தம் ஆகியவற்றைக் காட்டச் சாய்வெழுத்து வரும். தமிழ் நூல்களில் அந்த வேலையை மேற்கோள் குறியும் தடித்த எழுத்தும் செய்துவந்தன. தமிழில் சாய்வு முதன்மையாக ஓர் அலங்காரம். விரைவு, புதுமை, பரபரப்பு ஆகியவற்றைக் காட்டுவதற்கு அது பயன்பட்டது.

வட்டெழுத்து என்னும் முன்னுதாரணம்

சாய்ந்து ஓடும் தமிழ் எழுத்துக்கு நாஞ்சில் நாட்டில் ஒரு பழைய மரபு உண்டு. அது வட்டெழுத்து. தமிழ் பிராமியிலிருந்து கையெழுத்தின் போக்கில் வளைந்து உருவான இவ்வெழுத்து பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் நெடுங்காலம் வழங்கியது. ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரம் செப்பேடு (பொ.யு. 866) விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்தது. 1910 முதல் வெளிவந்த திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை நூல்களில் இப்பகுதியின் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் பல பதிப்பிக்கப்பட்டன.

வட்டெழுத்து விரைந்து எழுத ஏற்றது. ஆனால் காலம் செல்லச் செல்ல அதன் எழுத்துகள் ஒன்றையொன்று ஒத்துவிட்டன. ப, வ, ய, ன போன்றவை பிற்காலக் கல்வெட்டுகளில் எளிதில் பிரித்தறிய முடியாதவாறு அமைந்தன. சோழர் ஆட்சி பரவியபோது அதன் இடத்தைத் தமிழெழுத்து பிடித்துக்கொண்டதற்கு அரசியல் ஒரு காரணம் என்றால், எழுத்துகளின் வேறுபாடு மங்கியதை மற்றொரு காரணமாக ஆய்வாளர்கள் சொல்வர். சேர நாட்டுப் பகுதியில் மட்டும் அது பின்னும் பல நூற்றாண்டுகள் நீடித்தது. ஓர் எழுத்தை மற்றோர் எழுத்திலிருந்து பிரித்துக்காட்டும் சிறு உறுப்பு மறைந்தால் எழுத்து முழுவதுமே பயனிழக்கும் என்பதற்கு வட்டெழுத்து சான்று. பிற்காலத் தலைப்பெழுத்துகள் எதிர்கொண்ட சிக்கலும் இதுவே.

அச்சும் இட நெருக்கடியும்

எழுத்தைச் சிறிதாக்கி இடத்தைச் சேமிக்கும் முயற்சி தமிழ் அச்சின் தொடக்கத்திலேயே காணப்படுகிறது. 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழி எழுத்தில் அச்சிடப்பட்ட முதல் நூல்களுள் ஒன்று. அடுத்து, தரங்கம்பாடியில் சீகன்பால்கு நடத்திய அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரியவை. புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சிடக் காகிதம் போதவில்லை. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அதற்கான ஈயத்துக்குப் பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் உறைத்தகடுகள் பயன்பட்டன. 1715-ல் புதிய ஏற்பாடு நிறைவுற்றது.

குமரிப் பகுதிக்கு அச்சு லண்டன் மிஷன் சங்கத்தால் வந்தது. 1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அவருக்குப் பின் 1818-ல் பொறுப்பேற்ற சார்லஸ் மீட் பணியின் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஓர் அச்சகம் நிறுவப்பட்டது. திருவிதாங்கூர் நாட்டின் முதல் அச்சகமாக அது கருதப்படுகிறது. பள்ளிப் பாடங்களும் சமயத் துண்டுப் பிரசுரங்களும் அச்சிடுவதே அதன் பணி.

சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய பி.ஆர். ஹண்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ் எழுத்துகளைச் சிறிதாகவும் தெளிவாகவும் செதுக்கச் செய்தார். 1862-ல் வெளிவந்த வின்சுலோ அகராதி அந்த அச்சகத்தின் பணி. இவை யாவும் நூலுக்குள் வரும் எழுத்துகளில் நிகழ்ந்த மாற்றங்கள். தலைப்புக்கென்று தனி வடிவம் வேண்டும் என்ற தேவை தமிழில் நாளிதழ்களோடு பிறந்தது.

மேற்கில் பிறந்த மூன்று பண்புகள்

சாய்வெழுத்து 1501-ல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ் என்ற பதிப்பாளரின் சிறு நூல்களில் முதன்முதலாகப் பயன்பட்டது. நெருக்கமான கையெழுத்தைப் பின்பற்றிய அது சிறிய பக்கத்துக்கு ஏற்றதாக இருந்தது. முனைப்பற்ற எழுத்து 1816-ல் லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லனின் மாதிரிப் புத்தகத்தில் இடம்பெற்றது. நாடக விளம்பரங்களும் வணிகச் சுவரொட்டிகளும் பெருகியபோது ஒரு தாளின் அகலத்தில் நீண்ட சொல்லைப் பெரிதாக அடக்க வேண்டிய தேவை வந்தது. 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தால் குடையும் முறையைக் கொண்டுவந்தபின் ஒடுங்கிய தடித்த எழுத்துகள் மலிவாகக் கிடைத்தன. 1965-ல் ஜெஃப்ரி லீ வரைந்த ‘இம்பாக்ட்’ இந்த மரபின் புகழ்பெற்ற வாரிசு.

தடிப்பு, ஒடுக்கம், சாய்வு ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவையால் பிறந்தவை. விளம்பரமும் செய்தித்தாளும் அவற்றை ஒரே எழுத்தில் சேர்த்தன.

நாளிதழ்த் தலைப்புகள்

1942 நவம்பர் 1-ல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் செய்தித்தாள் வாசிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். எளிய சொற்களும் பெரிய தலைப்புகளும் அதன் அடையாளமாயின. தேநீர்க் கடை வாசலில் தொங்கும் சுவரொட்டியில் ஒரே செய்தி பெரிய எழுத்தில் இருக்கும். சாலையில் செல்பவர் நின்று படிக்குமாறு அந்த எழுத்து தடித்திருக்க வேண்டும். தாளின் அகலத்துக்குள் அடங்குமாறு ஒடுங்கியும் இருக்க வேண்டும்.

குமரிப் பகுதியோடு நேரடித் தொடர்புடைய நாளிதழ் ‘தினமலர்’. நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த டி.வி. ராமசுப்பையர் 1951 செப்டம்பர் 6-ல் திருவனந்தபுரத்தில் இதைத் தொடங்கினார். திருவிதாங்கூரின் தமிழ் வழங்கும் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கும் போராட்டத்துக்கு இதழ் துணைநின்றது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அடுத்த ஆண்டு இதழ் திருநெல்வேலிக்கு மாறியது.

இக்காலத்தில் தலைப்புகள் மூன்று வழிகளில் அமைந்தன. சிறிய தலைப்புகளை ஈய எழுத்துகளால் கோத்தனர். சுவரொட்டிக்கு மர எழுத்துகளைப் பயன்படுத்தினர். பெரிய, அலங்காரமான தலைப்புகளை ஓவியர் மையால் வரைய, அதைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்து அச்சிட்டனர். வார இதழ்களில் கதைத் தலைப்புகள் பெரும்பாலும் மூன்றாம் வழியில் வந்தன. சாய்ந்த தமிழெழுத்து வாசகருக்குப் பழகியதும் இதழ்களின் கதைத் தலைப்புகளாலும் திரைப்பட விளம்பரங்களாலும்தான். ஓவியர் ஒவ்வொரு சொல்லையும் அதன் இடத்துக்கேற்ப வரைந்ததால் நெருக்கினாலும் சாய்த்தாலும் எழுத்தின் உறுப்புகள் கெடவில்லை.

எழுத்துச் சீர்திருத்தத்தின் பங்கு

தமிழ் எழுத்து அகலமானது என்று பொதுவாகச் சொல்லப்படும். உண்மையில் அகலத்தைக் கூட்டுபவை எழுத்தின் பக்கங்களில் நிற்கும் துணைக்குறிகள். ‘திருவனந்தபுரம்’ என்பதில் ஒன்பது எழுத்துகள். அச்சில் ஒன்பது உருவங்கள். ‘நாகர்கோவில்’ என்பதில் ஆறு எழுத்துகளே உள்ளன. ஆனால் கால், இரட்டைக் கொம்பு ஆகியவற்றைச் சேர்த்தால் அதற்கும் ஒன்பது உருவங்கள் தேவை. ‘தோவாளை’ மூன்றெழுத்துச் சொல்; உருவங்கள் ஏழு. தலைப்பு அமைப்பவர் எண்ண வேண்டியது எழுத்துகளை அல்ல, உருவங்களை.

பழைய எழுத்துமுறையில் ணை, லை, ளை, னை ஆகியவை மேலே வளைந்த துதிக்கை போன்ற உறுப்போடு ஒரே உருவமாக இருந்தன. ணா, றா, னா ஆகியவற்றிலும் அவற்றைச் சார்ந்த ஒகர, ஓகார எழுத்துகளிலும் கால் எழுத்தோடு சேர்ந்து வளைந்திருந்தது. இவ்வாறு மொத்தம் 13 எழுத்துகள் தனிவடிவம் கொண்டிருந்தன. பெரியார் 1935-ல் ‘குடிஅரசு’ இதழில் இவற்றுக்கு மாற்று வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1978 அக்டோபரில் தமிழக அரசு அவற்றை ஆணையாக்கியது. ராமசுப்பையரின் மகனும் நாணயவியல் ஆய்வாளருமான இரா. கிருஷ்ணமூர்த்தி (1933-2021) தினமலரில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் தினமணியின் ஆசிரியராக இருந்த காலத்தில் (1987-1991) அவ்விதழ் புதிய எழுத்துக்கு மாறியது.

தலைப்பெழுத்தில் இதன் விளைவு இருவகை. தனியாக வார்க்க வேண்டிய உருவங்கள் குறைந்தன. மேலே எழும் வளைவு இல்லாததால் எழுத்தைத் தடிக்கச் செய்வதும் எளிதாயிற்று. அதே வேளையில் ஒரே உருவமாக இருந்த ‘ளை’ இரண்டாகப் பிரிந்தது. உருவங்களின் எண்ணிக்கை கூடியதால் ஒடுங்கிய எழுத்தின் தேவையும் கூடியது.

பலகை எழுதியவர்கள்

1983-ல் குமரி மாவட்டத்துக்கென நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு நேசமணி போக்குவரத்துக் கழகம் அமைந்தது. கன்னியாகுமரி, மார்த்தாண்டம், கொல்லங்கோடு, திருவனந்தபுரம் என்ற ஊர்ப்பெயர்களைப் பேருந்தின் முகப்பில் உள்ள குறுகிய பலகைக்குள் எழுத வேண்டும். ‘கொல்லங்கோடு’ என்பதில் மட்டும் பத்து உருவங்கள். வழியில் உள்ள ஊர்களையும் அதே பலகையில் சேர்ப்பதுண்டு. நிறுத்தத்தில் நிற்பவர் வண்டி நெருங்கும் முன்பே பெயரைப் படித்தாக வேண்டும். தடித்த ஒடுங்கிய எழுத்து இங்கே அழகுக்காக அல்லாமல் பயணியின் தேவைக்காகவே அமைந்தது.

கடைப்பலகைகளுக்கு வேறொரு நெருக்கடி இருந்தது. தமிழ் முதலிடத்திலும் ஆங்கிலம் அடுத்தும் பிறமொழி அதற்கடுத்தும் 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது அரசு விதி. கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில் மலையாளமும் சேரும்போது ஒரே பலகையில் மூன்று எழுத்துமுறைகள் இடம்பெறும்.

பலகை எழுதும் ஓவியரின் வேலைமுறை ஓர் ஒழுங்கு கொண்டது. முதலில் சுண்ணப்பொடி தோய்த்த நூலை இழுத்துத் தட்டி மேல்கோடும் கீழ்க்கோடும் இடுவார். சொல்லின் உருவங்களை எண்ணி அகலத்தைப் பகுப்பார். சாக்பீஸால் வடிவத்தை வரைவார். பிறகு தட்டைப் பிரஷால் எனாமல் வண்ணத்தை நிரப்புவார். இறுதியில் நிழல் கொடுப்பார். பகுக்கும்போது எல்லா உருவங்களுக்கும் சம அகலம் கொடுக்கப்படுவதில்லை. காலும் கொம்பும் மிகக் குறுகும். ண, ஞ போன்றவற்றுக்குக் கூடுதல் இடம் விடப்படும். ‘ண’கரத்தில் சுழிகள் நெருங்கினால் உட்கோட்டைச் சற்று மெலியச் செய்வார். புள்ளியைத் தலைக்கோட்டிலிருந்து விலக்கி வைப்பார்.

இந்த அறிவு பெரும்பாலும் நூல்களில் எழுதப்படவில்லை. உடனிருந்து பழகியவருக்கு மட்டுமே கைமாறியது. 2000-க்குப் பின் பிளக்ஸ் அச்சு பரவியபோது இத்தொழில் விரைவாகச் சுருங்கியது. மழையில் அழிந்தும் மேல்வண்ணம் பூசப்பட்டும் பலகைகள் மறைந்தன. எழுதியவர் பெயர் பலகையின் மூலையில் சிறிதாக இருப்பதுண்டு. பலகையோடு அதுவும் மறைந்தது.

கணினியும் இயந்திர ஒடுக்கமும்

ஒளி அச்சுக்கோப்பு முறையில் கண்ணாடி வில்லையால் எழுத்தை நெருக்கவும் சாய்க்கவும் முடிந்தது. மேசைக்கணினி வந்தபின் அது ஒரு பொத்தானை அழுத்தும் வேலையாயிற்று. சாதாரண எழுத்தை அகலத்தில் அறுபது விழுக்காடாகக் குறைத்து, தடிப்பும் சாய்வும் சேர்த்தால் சில நொடிகளில் தலைப்பு தயார்.

ஆனால் இவ்வாறு நெருக்கும்போது நிற்கும் கோடுகள் மட்டுமே மெலிகின்றன. படுத்த கோடுகளின் தடிமன் மாறுவதில்லை. சுழிகள் முட்டை வடிவாகின்றன. அதன் மேல் தடிப்பைச் சேர்த்தால் உள்வெளி அடைபடுகிறது. சாய்க்கும்போது வளைவின் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிகிறது. ஓவியர் கையால் வரைந்த ஒடுங்கிய எழுத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

தமிழில் பொருள் வேறுபாடு பெரும்பாலும் சிறிய உறுப்புகளில் தங்கியுள்ளது. ‘ன’கரத்தையும் ‘ண’கரத்தையும் பிரிப்பது ஒரு சுழி. அது அடைபட்டால் பனியும் பணியும் ஒன்றாகும். எகர ஏகாரங்களின் குறிகளைப் பிரித்துக் காட்டும் வழக்கு வீரமாமுனிவர் (1680-1747) பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு மேற்சுழியில் மட்டுமே இருப்பதால், அது அடைபட்டால் கொடுவும் கோடுவும் வேறுபடாது. காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு கீழே இறங்கும் ஒரு சிறு கோடு. வரிகளை நெருக்கினால் அது அடுத்த வரியில் முட்டும். புள்ளி அடைபட்டாலோ மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படாததால் சுவடி படிப்போர் பட்ட இடர்ப்பாட்டை, இயந்திரத்தால் நெருக்கிய தலைப்பு மீண்டும் கொண்டுவருகிறது. எழுத்து கற்கும் குழந்தையும் கண்பார்வை குறைந்த முதியவரும் இதனால் முதலில் பாதிக்கப்படுகின்றனர்.

பேருந்துகளில் இப்போது வரும் மின்னணுப் பலகைகளிலும் இச்சிக்கல் உண்டு. ஒளிப்புள்ளிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் சுழிக்கும் புள்ளிக்கும் இடம் போதுவதில்லை.

புதிய எழுத்துருக்கள்

கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் எழுத்துருக்கள் தலைப்பின் தேவையை மனத்தில் கொண்டு வரையப்படுகின்றன. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கட்டமரான்’ மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது. அதன் பெயர் கட்டுமரத்திலிருந்து வந்தது. ஏக் டைப் குழுவினரின் ‘பலூ தம்பி’ தடித்த தலைப்பெழுத்து. அதே குழுவினர் 2022-ல் வெளியிட்ட ‘அனேக் தமிழ்’ ஒடுங்கியது முதல் அகன்றது வரை படிப்படியாக மாறக்கூடியது. கூகுளின் ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ எழுத்துருவிலும் ஒடுங்கிய வகைகள் உண்டு. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் உருவாக்கிய ‘கவிவனார்’ கையெழுத்தின் இயல்போடு சாய்ந்த எழுத்துரு. ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ தொகுதியிலும் சாய்ந்த வகை சேர்க்கப்பட்டுள்ளது.

இவை அனைத்தும் கட்டணமின்றிக் கிடைப்பவை. இவற்றில் ஒடுங்கிய வடிவமும் சாய்ந்த வடிவமும் பொத்தானால் நெருக்கிப் பெற்றவை அல்ல; தனியாக வரையப்பட்டவை. உட்சுழிக்கு இடம் விடுவதும் துணைக்குறிகளை மட்டும் மிகுதியாகக் குறுக்குவதும் பலகை ஓவியர்கள் கையால் செய்த வேலைகள். வடிவமைப்பாளர்கள் அவற்றையே திரையில் செய்கின்றனர்.

மதிப்பீடு

தடித்த, ஒடுங்கிய, சாய்ந்த எழுத்து தமிழுக்கு ஒவ்வாதது என்று சொல்ல முடியாது. நாளிதழ்களும் பேருந்துப் பலகைகளும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அதைப் படிக்கத்தக்க முறையில் பயன்படுத்தியுள்ளன. சுழி, புள்ளி, கொம்பு, கால் ஆகியவற்றின் வேறுபாடு காக்கப்படும்வரை எழுத்தை எவ்வளவு நெருக்கினாலும் வாசகர் பின்தொடர்வார். அது மறையும்போது வட்டெழுத்துக்கு நேர்ந்தது அதற்கும் நேரும்.

குமரி மாவட்டத்தின் பழைய கடைத்தெருக்களிலும் திரையரங்குகளிலும் கையால் எழுதிய பலகைகள் சில எஞ்சியுள்ளன. அவற்றை ஒளிப்படம் எடுத்து, எழுதியவர் பெயரையும் ஆண்டையும் குறித்துவைப்பது கல்வெட்டைப் படியெடுப்பதற்கு ஒப்பான பணி. தமிழ்த் தலைப்பெழுத்தின் வரலாற்றில் அச்சுக்கு வெளியே நிகழ்ந்த பகுதிக்கு அவையே முதன்மைச் சான்றுகள்.